சாரத்தில் நிற்பவனைக் கேளுங்கள்

வானம் பார்த்த பூமி, குருவிகுளத்துக் கரிசல். மழை பொய்த்தால் மண்ணை நம்பியவன் என்ன செய்வான்? சென்னைக்கு வண்டி ஏறுவான், கொத்தனாராவான், சித்தாளாவான். அவன் அங்கே அண்ணாந்து படிக்கும் பலகைகளிலே ஒன்று, "எல் அண்டு டி". லார்சன் அண்டு டூப்ரோ கம்பெனி! அதன் கதையைக் கேளுங்கள், தோழர்களே!

ஹோல்க்-லார்சன், டூப்ரோ இருவரும் டென்மார்க் நாட்டுப் பொறியாளர்கள். டூப்ரோ 1934-ல் இந்தியா வந்தது, கோவையை அடுத்த மதுக்கரை சிமெண்டு ஆலையிலே இயந்திரம் பொருத்த! 1938-ல் இருவரும் பம்பாயில் கூட்டாகத் தொழில் தொடங்கினர். மாளிகையிலா? இல்லை. ஒருவர் உள்ளே அமர்ந்தால் மற்றவர் வெளியே நிற்கவேண்டிய சின்னஞ்சிறு அறையிலே!

1940-ல் இட்லரின் படை டென்மார்க்கை விழுங்கியது. அங்கிருந்து வந்த சரக்கு நின்றது. விற்கப் பொருளில்லை, கலங்கினரில்லை. பட்டறை போட்டனர், கப்பல் பழுது பார்த்தனர். 1944-ல் ஈ.சி.சி. என்னும் கட்டுமானப் பிரிவு பிறந்தது. சென்னை மணப்பாக்கம் அதன் தலைமையிடமாயிற்று.

1986-ல் டில்லியில் தாமரைக் கோயில். 2018-ல் குஜராத்தில் 182 மீட்டர் உயரப் பட்டேல் சிலை. 2022 உலகக் கால்பந்துப் போட்டிக்காகக் கத்தார் நாட்டில் அல் ரய்யான் விளையாட்டரங்கு. கடல் கடந்தும் கொடி கட்டியது கம்பெனி!

2003-ல் ஓர் உடன்பாடு. சிமெண்டுத் தொழில் பிர்லா குழுமத்துக்குப் போயிற்று. பிர்லா வசமிருந்த எல் அண்டு டி பங்குகள் ஊழியர் அறக்கட்டளைக்கு வந்தன. உழைப்பவனே உடைமையில் பங்காளி! பாராட்டத்தக்க செயலன்றோ?

ஆனால், 2025 சனவரியில் அதே கம்பெனியின் தலைவர் பேசிய பேச்சு வெளிவந்தது. வாரம் 90 மணி நேரம் உழைக்கவேண்டுமாம்; ஞாயிறும் வேலை வாங்க முடியவில்லையே என்று வருத்தமாம்! ஏழு நாளும் ஓய்வின்றி, நாளொன்றுக்கு ஏறத்தாழ 13 மணி நேரம்! அடுத்த மாதமே சென்னையிலே சொன்னார்: நலத்திட்டங்கள் இருப்பதால் தொழிலாளர்கள் வேலைக்கு வரத் தயங்குகிறார்களாம்.

1923 மே முதல் நாள், இதே சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் செங்கொடி ஏற்றினார். 1948-ல் தொழிற்சாலைச் சட்டம், வாரம் 48 மணி என்று வரம்பு கட்டியது. 1994-ல் கட்டுமானத் தொழிலாளர்க்கு இங்கே நலவாரியம் வந்தது. இவை யாரோ இட்ட பிச்சையா? போராடிப் பெற்ற உரிமை!

வீட்டில் அடுப்பெரிந்தால் எந்தக் கூலிக்கும், எந்த ஊருக்கும் ஓடவேண்டிய அவலம் அவனுக்கு இல்லை. அது சோம்பலல்ல, பேரம் பேசும் தெம்பு! ஆள் வேண்டுமா? கூலியை உயர்த்துங்கள்; தங்க நல்ல கொட்டகை கொடுங்கள்; ஞாயிறன்று பிள்ளையின் முகம் பார்க்க விடுங்கள்!

இரண்டு பொறியாளர்கள் அறிவைத் தந்தனர், மறுக்கவில்லை. அந்த ஒற்றை அறையை உலகக் கம்பெனியாக்கியது, சாரத்தின் உச்சியிலே நின்ற ஆயிரமாயிரம் கைகள். கணக்கெழுதும் கரங்கள் அதை மறக்கவேண்டாம்!