ராட்டினத்தில் ஏறும் முன் கீழே பாருங்கள்! உயிரைத் தாங்குவது ஒரு விரல் நீள 'பின்'

நாகர்கோவில்,

"ஏல மக்கா, கண்ண மூடாத! கீழ பாரு, பஸ்சு எல்லாம் தீப்பெட்டி கணக்கா தெரியுது!"

ராட்சத ராட்டினத்தின் உச்சியில் இருந்து இப்படி ஒரு சத்தம் வராவிட்டால் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு அது திருவிழாவே இல்லை.

கார்த்திகையில் கோட்டார் சவேரியார் கோவில் திருவிழா. மார்கழியில் சுசீந்திரம் தேர். தை மாதம் நாகராஜா கோவில் தேரோட்டம். மாசியில் மண்டைக்காடு கொடை. இது போக தக்கலை பீர்முகமது அப்பா தர்கா விழா. கோடை லீவு விட்டால் பொருட்காட்சி. சாமி கும்பிட ஒரு கூட்டம் என்றால் ராட்டினம் சுத்த இன்னொரு கூட்டம். ராட்டினத்துக்கு சாதி இல்லை, மதம் இல்லை. டிக்கெட் எடுத்தவர் எல்லாரும் ஒரே தொட்டிலில்தான்.

பயப்படுவதற்காகவே காசு கொடுக்கிறோம். அது பொய்ப் பயம் என்று தெரிந்துதான் ஏறுகிறோம். அந்தப் பயம் நிஜமாகிவிட்டால்?

இரும்பு மரம்

நம் அப்பா, தாத்தா காலத்தில் இருந்தது மர ராட்டினம். நாலு தொட்டில், கையால் சுத்துவதற்கு இரண்டு ஆள். அவ்வளவுதான்.

இன்றைய ராட்சத ராட்டினத்தின் மூதாதை அமெரிக்காவில் உள்ள சிகாகோ நகரில் 1893-ம் ஆண்டு நடந்த உலகப் பொருட்காட்சியில் எழுந்து நின்றது. பெர்ரிஸ் என்ற என்ஜினீயர் கட்டியது. உயரம் 264 அடி. 36 பெட்டிகள். பெட்டிக்கு 60 பேர். ஒரே நேரத்தில் 2,160 பேர் சுற்றலாம்!

நம் ஊருக்கு வருவது அதன் பேரப்பிள்ளை. லாரியில் கட்டுக்கட்டாக இரும்பு வந்து இறங்கும். நடுத்தூணை நட்டு, கைகளைப் பூட்டி, தொட்டில்களைத் தொங்கவிட்டு, சீரியல் பல்பு சுற்றினால் ராட்டினம் ரெடி. திருவிழா முடிந்ததும் அதே வேகத்தில் கழற்றி அடுத்த ஊருக்குப் பயணம். ஒரே இரும்பைத்தான் வருடம் முழுக்கப் பூட்டுவதும் கழற்றுவதும். துளை தேயும். போல்ட் மரை போகும். வெல்டிங் விட்டுப்போகும். இரண்டு இரும்பைச் சேர்த்துப் பிடிப்பது விரல் நீளத்தில் ஒரு 'பின்'.

ராட்டினத்தில் ஆள் ஏற்றுவதைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். பக்கத்துப் பக்கத்துத் தொட்டிலை வரிசையாக நிரப்ப மாட்டார்கள். இங்கே நாலு பேர் என்றால் எதிர்ப்பக்கம் நாலு பேர். தராசு மாதிரி இரண்டு பக்கமும் சமம் வேண்டும். "சீக்கிரம் ஏத்துங்க அண்ணாச்சி" என்று நாம் சத்தம் போடுகிறோம். சமம் பார்க்காமல் ஏற்றுகிறவரைக் கண்டால்தான் பயப்பட வேண்டும்.

மரணக்கிணற்றில் மரணம் எங்கே?

பொருட்காட்சியில் மற்றவற்றில் நாம் ஏறுகிறோம். மரணக்கிணற்றில் மட்டும் நாம் மேலே நின்று பார்க்க, இன்னொருவர் உயிரைப் பணயம் வைக்கிறார்.

செங்குத்தாக நிற்கும் பலகைச் சுவர். அதில் பழைய யமஹா ஆர்.எக்ஸ். ரக மோட்டார் சைக்கிளும், மாருதி 800 காரும் 'விர்'ரென்று சுற்றி மேலே வரும். நாம் நீட்டும் பத்து ரூபாய் நோட்டை வந்த வேகத்தில் பிடுங்கிக்கொண்டு போவார் அந்த வீரர். தலையில் ஹெல்மெட் கூட இருக்காது.

விழாமல் எப்படி ஓடுகிறது? மந்திரம் இல்லை. கயிற்றில் கல்லைக் கட்டிச் சுற்றினால் கயிறு விறைப்பாக நிற்கிறது அல்லவா? கல் போகிற பாதையை விட்டு விலகாமல் கயிறு இழுத்துப் பிடிக்கிறது. இங்கே கயிற்றின் வேலையைச் சுவர் செய்கிறது. டயர் சுவரோடு ஒட்டி அழுந்துவதால் வழுக்கி விழாது. 30 அடி அகலக் கிணற்றில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால், ஓட்டுகிறவர் உடம்பின் மேல் அவர் எடையைப்போல் மூன்று மடங்கு அழுத்தம் விழும். வேகம் குறைந்தால் பிடி போச்சு. பலகையில் ஈரம் இருந்தாலும் பிடி போச்சு. என்ஜின் ஒரு நொடி நின்றால் ஆளும் வண்டியும் கீழே.

அந்தச் சுவரும் ராத்திரியோடு ராத்திரியாக எழுப்பிய சுவர்தான். பார்க்கிற நாம் நிற்கும் மேடையும் அதே சட்டத்தில்தான் நிற்கிறது. கூட்டம் சேர்ந்து ஒரே பக்கம் சாய்ந்தால் ஆபத்து வீரருக்கு மட்டும் அல்ல.

தலை மட்டும் பேசும் பெண்

மாயக்கூடாரத்தில் மேஜை மேல் பெண்ணின் தலை மட்டும் இருக்கும். பேசும். சிரிக்கும். ரகசியம் மேஜைக்கு அடியில். கால்களுக்கு நடுவே சாய்வாக வைத்த கண்ணாடிகள் பக்கத்துத் திரையைக் காட்டும். நமக்கோ பின்னால் உள்ள திரை தெரிவதுபோல இருக்கும். உடம்பு கண்ணாடிக்குப் பின்னே. லண்டன் மேடையில் 1865-ம் ஆண்டிலேயே காட்டிய வித்தை இது!

இங்கே நாம் ஏமாந்தால் போவது டிக்கெட் காசு. ராட்டினத்தில் ஏமாந்தால் போவது அது இல்லை.

நடந்த விபரீதங்கள்

ஆமதாபாத் கங்காரியா ஏரிக்கரைப் பூங்காவில் 2019-ம் ஆண்டு ஜூலை 14-ந்தேதி ஊஞ்சல்போல் ஆடும் ராட்சத எந்திரம் ஒன்றின் கை முறிந்து ஆட்களோடு தரையில் மோதியது. 2 பேர் பரிதாபமாக இறந்தனர். 25-க்கும் மேற்பட்டோர் காயம் அடைந்தனர்.

பஞ்சாப் மாநிலம் மொகாலியில் 2022-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந்தேதி நடந்தது ஒரு பொருட்காட்சி. நம் ஊருக்கு வருவது போலவே வந்து போகிற பொருட்காட்சி. மேலே ஏறி இறங்கும் கோபுர எந்திரம் ஆட்களோடு 'தடார்' என்று விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை. 10-க்கும் மேற்பட்டோர் காயம்.

சென்னை கிழக்கு கடற்கரை சாலையில் உள்ள பூங்கா ஒன்றில் 2025-ம் ஆண்டு மே மாதம் எந்திரம் அந்தரத்தில் நின்றுவிட்டது. 30-க்கும் மேற்பட்டோர் மணிக்கணக்கில் மேலேயே தவித்தனர். தீயணைப்பு படையினர் வந்து பத்திரமாக இறக்கினார்கள்.

நம் மாவட்டத்துக்கு என்று மூன்று எதிரி

கோட்டார் திருவிழா வரும் நேரம் வடகிழக்கு பருவமழைக் காலம். மண் ஊறிப்போய் இருக்கும். எத்தனை டன் இரும்பானாலும் நிற்பது அந்த மண்ணில்தான். அடியில் அகலமான மரக்கட்டை அடுக்காவிட்டால் ஒரு கால் இறங்கும், ராட்டினம் சாயும்.

மண்டைக்காடு போன்ற கடற்கரை ஊர்களில் மணலும் உப்புக்காற்றும். பெயிண்ட் பளபளக்கும், உள்ளே துரு தின்னும்.

மூன்றாவது ஆரல்வாய்மொழி கணவாய்க் காற்று. முப்பந்தலில் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அதே காற்றுக்கு ராட்டினம் ஒரு பொருட்டா? ஆனி, ஆடியில் காற்று ஓங்கினால் ராட்டினத்தை நிறுத்துவதுதான் புத்தி.

பத்தாம் நாள் ராத்திரி

1888-ல் வந்த பொதுக் கூடுமிடங்கள் சட்டம் இன்றும் இருக்கிறது. போலீஸ், தீயணைப்பு நிலையம், பொதுப்பணித்துறை, மின்சார ஆய்வு என்று பல வாசல் ஏறித்தான் அனுமதி வாங்க வேண்டும். அதிகாரிகள் வந்து பார்க்கிறார்கள், சான்று கொடுக்கிறார்கள். சரி.

பார்ப்பது ராட்டினம் சுற்றத் தொடங்கும் முன்பு. புதிதாகப் பூட்டிய போல்ட் அன்று இறுக்கமாகத்தான் இருக்கும்.

நம் திருவிழாக்கள் பத்து நாள். முதல் நாள் ஈ ஓட்டும் மைதானத்தில் கடைசி இரண்டு ராத்திரி நிற்க இடம் இருக்காது. சவேரியார் திருவிழா முடியும் டிசம்பர் 3-ந்தேதி மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. அதாவது எந்திரம் பத்து நாள் குலுங்கி, போல்ட் தளர்ந்து, மழையில் நனைந்து, இயக்குகிறவர் தூக்கம் கெட்டு இருக்கும் ராத்திரியில்தான் தொட்டில் நிரம்பி வழிகிறது. கூட்டம் அதிகமாக இருக்கும் நாளும், எந்திரம் களைத்துப்போன நாளும் ஒரே நாள்!

முதல் நாள் வாங்கிய காகிதம் பத்தாம் நாள் போல்ட்டை இறுக்காது. தினமும் சாயங்காலம் காலியாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். பார்த்தவர் கையெழுத்தும் தேதியும் டிக்கெட் கவுண்டரில் தொங்க வேண்டும். தேருக்கு முந்தின நாள் அதிகாரிகள் இன்னொரு தடவை வரவேண்டும். செலவு ஒன்றும் இல்லை. மனசுதான் வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

ஏறும் முன் ஒரு முழுச் சுற்று நின்று பாருங்கள். 'கிரீச்' சத்தம், குலுக்கல், ஒரு பக்கச் சாய்வு இருந்தால் ஏறாதீர்கள். பின் இருக்க வேண்டிய இடத்தில் கட்டுக்கம்பியோ, கயிறோ கண்டால் திரும்பி நடங்கள்.

தொட்டிலின் கம்பிக்கதவு பூட்டுகிறதா என்று நீங்களே அசைத்துப் பாருங்கள். பெண்பிள்ளைகள் சடையை அள்ளிக் கட்டி, தாவணி, துப்பட்டாவைச் செருகிக்கொள்ள வேண்டும். குழந்தை அழுதால் வற்புறுத்தி ஏற்றாதீர்கள். பாதியில் நின்றால் குதிக்காமல் உட்கார்ந்தே இருங்கள்.

மழை தூறினால், காற்று கிளம்பினால் ராட்டினக்காரர் நிறுத்துவார். அப்போது "டிக்கெட் காசைக் கொடு" என்று சண்டைக்குப் போகாதீர்கள் அண்ணாச்சி. நிறுத்தத் தெரிந்த ராட்டினக்காரர்தான் நல்ல ராட்டினக்காரர். மறுநாள் அவரிடமே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.