‘மே’ என்பதும் ‘ஷல்’ என்பதும்

ஆங்கில இலக்கணத்தில் துணைவினைகள் எனப்படும் சிறு சொற்களை நம் மாணாக்கர்கள் அற்பமாகக் கருதுகின்றனர். அரிய பதங்களை நெட்டுருச் செய்வதில் கொள்ளும் சிரமத்தில் பத்திலொரு பங்கேனும் இவற்றின் பிரயோகத்தை அறிவதில் அவர்கள் கொள்வதில்லை. உபாத்தியாயர்களும் இவற்றை ஓர் அட்டவணையாக எழுதிக்காட்டிவிட்டு அப்பாற் செல்கின்றனர். இது பெருந்தவறு என்பது நமது அபிப்பிராயம். செயல் இன்னதென்று கூறுவது முதல்வினை. அது உரிமையா, கடமையா, வெறும் ஊகமா என்று நிர்ணயிப்பது துணைவினையே.

இதற்கு நம் தேச சரித்திரத்திலேயே சான்று உண்டு. 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 343-ஆம் ஷரத்து, 15 வருஷ காலத்துக்கு மத்திய சர்க்காரின் காரியங்களில் ஆங்கிலம் தொடர்ந்து வழங்கிவரும் என்பதற்கு ‘ஷல்’ என்னும் துணைவினையை ஆண்டது. அது கட்டளை. அக்கெடுவுக்குப் பின்னரும் ஆங்கிலம் நீடிக்க 1963-ல் இயற்றப்பட்ட ஆட்சிமொழிச் சட்டமோ, அதே இடத்தில் ‘மே’ என்ற சொல்லை வைத்தது. அது அனுமதி. ‘வழங்க வேண்டும்’ என்றிருந்தது ‘வழங்கலாம்’ என்றாயிற்று. ‘வழங்கலாம்’ என்றால் வழங்காமலும் இருக்கலாம் அன்றோ? ராஜ்ய சபையில் அண்ணாதுரை எழுப்பிய ஆட்சேபம் இதுவே. அவ்விடத்தில் ‘மே’ என்பதற்கு ‘ஷல்’ என்பதே கருத்து என்று பிரதம மந்திரி நேரு சமாதானம் கூறினார். கருத்து அதுவாயின் அச்சொல்லையே இடுவதில் தடை யாது என்ற கேள்வி எஞ்சி நின்றது.

1965 ஜனவரி 26-ல் அக்கெடு முடிந்தபோது சென்னை ராஜ்யத்தில் மாணவர் கிளர்ச்சி மூண்டு, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அத்துயரத்துக்கு ஒரு சொல் மட்டுமே காரணம் என்று நாம் கூறவில்லை. ஆனால் மக்கள் கொண்ட ஐயத்திற்கு அச்சொல் இடமளித்தது என்பதை மறுக்க முடியாது. 1967-ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டம், ஹிந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத ராஜ்யங்களுடன் மத்திய சர்க்கார் நடத்தும் கடிதப் போக்குவரத்துக்கு ஆங்கிலமே வழங்கும் என்று, ‘ஷல்’ என்ற சொல்லைக் கொண்டே விதித்தது. அந்த ராஜ்யங்களின் சட்டசபைகள் யாவும், பின்னர் பார்லிமெண்டின் இரு சபைகளும் தீர்மானித்தாலன்றி அவ்விதி நீங்காது என்றும் பாதுகாப்புச் செய்தது.

அன்றாட வாழ்விலும் இவ்வாறே. தமிழில் ‘வேண்டாம்’ என்னும் ஒரே சொல் தடையையும் குறிக்கும், அவசியமின்மையையும் குறிக்கும். ஆங்கிலத்தில் முன்னதற்கு ‘மஸ்ட் நாட்’, பின்னதற்கு ‘நீட் நாட்’. உண்ணவே கூடாத மருந்துக்கு ‘நீட் நாட்’ என்று எழுதினால், உண்டாலும் பாதகமில்லை என்றே நோயாளி பொருள் கொள்வான். ‘நேற்று வந்திருக்கிறான்’ என்பது நமக்கு இயல்பான வாக்கியம்; ஆங்கிலத்திலோ ‘நேற்று’ என்று காலம் வரையறுத்தபின் ‘ஹாஸ்’ வருதல் பிழை. அங்ஙனமே, ‘டிட்’ என்பது இறந்தகாலத்தை ஏற்றுக்கொண்டபின் முதல்வினையின் மீதும் அதனைச் சுமத்தி, ‘டிட் நாட் வென்ட்’ என்று எழுதுதல் தகாது; ‘டிட் நாட் கோ’ என்பதே முறை.

இவை மாணாக்கரின் மந்தபுத்தியால் நேரும் பிழைகள் அல்ல. தாய்மொழியின் வழக்கை அயல்மொழியில் ஏற்றுவதால் நேருபவை. எனவே பரிகாரமும் தாய்மொழியிலேயே இருக்கிறது. துணைவினை தமிழுக்குப் புதிதன்று. ‘வந்தான்’ என்பதற்கும் ‘வந்துவிட்டான்’ என்பதற்கும் உள்ள வேற்றுமையைச் சிறு குழந்தையும் அறியும். அவ்வறிவை அடிப்படையாகக் கொண்டு, இரு மொழிகளும் எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே பிரிகின்றன என்று உபாத்தியாயர்கள் விளக்குவார்களாயின், அட்டவணையை மனனம் செய்யும் தொல்லையே இராது. விண்ணப்பம், ஒப்பந்தம், சர்க்கார் உத்தரவு ஆகிய எதனைப் படித்தாலும், கையெழுத்திடுமுன் அதிலுள்ள துணைவினையை ஒரு முறை உற்று நோக்கும் பழக்கம் நம் இளைஞர்க்கு வரவேண்டும். வரலாம் என்று நாம் சொல்லவில்லை; வரவேண்டும் என்றே சொல்லுகிறோம்.