கிண்ணியாவிலிருந்து மூதூருக்கு சைக்கிளில்

திருகோணமலை–மட்டக்களப்பு வீதியில் கிண்ணியா முதல் மூதூர் வரை சைக்கிளுக்கேற்ற சமதரை. முன்பு இந்தத் தூரத்தைக் கடக்க ‘பாதை’க்காகக் காத்து நிற்க வேண்டும். பாதை என்றால் எங்கள் பக்கத்தில் வாகனங்களை ஏற்றி ஆற்றைக் கடக்கும் மிதவை. வெளியூர் உறவினருக்கு இதை விளக்குவதே ஒரு வேலை. 2009இல் கிண்ணியாப் பாலமும் 2011இல் மகாவலிக்கு மேலாகக் கங்கைப் பாலமும் திறக்கப்பட்டன. 335 கிலோமீற்றர் ஓடிவந்த ஆறு கொட்டியாரக் குடாவை நெருங்குவதைக் கங்கைப் பாலத்தில் ஓரமாக நின்று ஆறுதலாகப் பார்க்கலாம். பஸ்ஸில் போனால் அது ஒரு நொடிதான்.

மூதூரில் றொபர்ட் நொக்ஸின் நினைவுக்கல் உண்டு. 1660இல் புயலில் பாய்மரம் இழந்த ‘ஆன்’ கப்பல் இக்குடாவுக்கு வந்தது. கப்பல் தலைவரையும் அதே பெயருடைய மகனையும் கண்டி அரசனின் ஆட்கள் பிடித்தனர். மகனுக்கு வயது 19. தந்தை மறுவருடமே இறந்துபோனார். மகன் 1679இல்தான் தப்பினார். அவர் 1681இல் வெளியிட்ட நூலில் அன்றைய மலைநாட்டுக் கிராமங்களின் வயல், வீடு, சாப்பாடு எல்லாம் இருக்கின்றன.

சுபஹு தொழுத கையோடு புறப்படுங்கள். கச்சான் காலத்தில் திரும்பும்போது எதிர்க்காற்று. தண்ணீர்ப் போத்தல் இரண்டு தேவை. “பொம்பிளைப் பிள்ளைகள் அவ்வளவு தூரமா?” என்று உம்மாமார் கேட்பார்கள். ரியூசனுக்குத் தினமும் சைக்கிளில்தானே போகிறோம்? வேண்டுமானால் வாப்பாவும் ஒரு சைக்கிளில் கூட வரட்டும்.