நாலு சுவருக்குள் ஒரு பூனை

முன்காலத்து ஓட்டு வீடுகளில் யாரும் பூனையை வளர்த்ததாகச் சொல்ல முடியாது. நெற்குதிரை நாடி எலி வந்தது. எலியை நாடிப் பூனை வந்தது. வந்த பூனை பரணில் குட்டி போட்டு, அவற்றை வாயில் கவ்வி இடம் மாற்றி மாற்றித் தானே ஆளாக்கியது. வீட்டாருடைய பங்கு, மிஞ்சிய மோர்ச் சோற்றைக் கொல்லை வாசலில் வைத்ததோடு சரி. இன்று அடுக்குமாடி வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு குட்டியை வளர்க்கப் புகுகிறவர், தாய், உடன்பிறப்பு, கூரை, கொல்லை ஆகிய அத்தனை பேருடைய உத்தியோகத்தையும் தாம் ஒருவராகவே ஏற்றுக்கொள்கிறார்.

பூனைக்குட்டி கண் விழிப்பது பிறந்த 7 முதல் 14 நாட்களுக்குள். இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரையில் மனிதர் கைபட்டு வளர்ந்த குட்டியே பிற்காலத்தில் அச்சமின்றிப் பழகும். எனினும், அதைக் காரணங் காட்டி 8 வாரம் நிறையுமுன் தாயிடமிருந்து பிரித்து வருவது தவறு. கூடப் பிறந்ததை அழுத்திக் கடித்தால் அது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திக்கொள்ளும். கடியின் அளவைக் குட்டி கற்றுக்கொள்வது அந்தப் பள்ளியில்தான். அப்பள்ளியை விட்டு முன்னதாகவே வந்துவிட்ட குட்டிக்கு நாம் விரலை ஆட்டி வேடிக்கை காட்டினால், இரண்டாம் மாதத்தில் கூச்சம் உண்டாக்கிய அதே கடி ஆறாம் மாதத்தில் இரத்தம் பார்க்கும்.

ஆகார விஷயத்தில் நம்மவர்களுடைய பிரமை பெரிது. பூனைக்குப் பால் என்பது நமக்கு ஏறக்குறைய சாஸ்திரம். ஆனால் தாய்ப்பால் மறந்த பூனைக்குப் பாலின் சர்க்கரையை ஜீரணிக்கும் சக்தி குறைந்துவிடுவதால், பசும்பால் பெரும்பாலும் வயிற்றுப் போக்கில்தான் கொண்டுபோய் விடும். சைவ வீட்டார் கோபித்துக்கொள்ளலாகாது: தயிர்ச்சாதத்தில் ஒரு பூனையை உயிரோடு வைத்திருக்கலாம், ஆரோக்கியமாக வைத்திருக்க முடியாது. மாமிசத்திலும் மீனிலும் உள்ள டாரின் என்ற சத்தைத் தனக்கு வேண்டிய அளவு தானே உண்டாக்கிக்கொள்ள அதன் தேகத்தால் இயலாது. அது நெடுநாள் கிடைக்காமற் போனால் விழித்திரை கெட்டுப் பார்வை மங்கும், இருதயமும் பலவீனப்படும். பாயசத்தைக் கொடுத்து ஈடுகட்டவும் வழியில்லை. இனிப்பை அறியும் நாக்கு பூனைக்கு இல்லை.

மணல் தட்டு வைத்தால் மலஜலம் கழிக்கக் கற்பிக்கவே வேண்டியதில்லை. தினமும் சுத்தம் செய்யத்தான் நாம் கற்க வேண்டும். தடுப்பூசியை 8 வாரத்தையொட்டி ஆரம்பித்து, மூன்று நான்கு வாரங்களுக்கொரு முறையாக 16 வாரம் வரை போட வேண்டும். வாசல் தாண்டாத பூனைக்கும் வெறிநோய் ஊசி அவசியம். பூத்தொடுத்த நூலை எங்கும் போட்டுவிடாதீர்கள். அதன் நாக்கின் முட்கள் உட்புறமாகச் சாய்ந்திருப்பதால், வாயில் போன நூலைத் துப்ப அதனால் ஆகாது. லில்லிப் பூ அதன் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். காய்ச்சலென்று இரங்கி நாம் கொடுக்கும் பாராசிட்டமால் உயிரையே வாங்கிவிடும்.

பூனையின் இளமைக்குக் குட்டி, பறழ் என்று பெயர்கள் வகுத்த தொல்காப்பிய மரபியல், விடலைப் பருவத்துக்கும் ஒரு பெயர் தந்திருக்கலாகாதா என்று, அப்பருவத்துப் பூனையோடு வசிப்பவர்களுக்குத் தோன்றும். நான்காம் மாதத்தை ஒட்டிப் பாற்பற்கள் விழத் தொடங்குகையில் கண்டதையெல்லாம் கடிக்கும். பிறகு வேட்டையாடும் வேகம் தலைதூக்கி, விடியுமுன் நம் காலையே எலியாகப் பாவிக்கும். சணல் கயிறு சுற்றிய கட்டையொன்றை நகம் கீறக் கொடுத்து, இரவு உணவுக்கு முன் கோலில் கட்டிய இறகைத் துரத்தவிட்டால், கொல்லையின் வேலையை நாம் ஒருவாறு செய்தவர்களாவோம். சில பெட்டைகள் நான்காம் மாதத்திலேயே பருவமடைந்து, இரவெல்லாம் கதறிக்கொண்டு தரையில் புரளும்; அதை வயிற்றுவலி என்றெண்ணிப் பதறுகிறவர்கள் உண்டு. கடுவனோ திரைச்சீலைக்குப் பின்புறம் காட்டிச் சிறுநீரைப் பீச்சும். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டை வளர்ப்பவர் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். உறவுமுறை பார்க்கும் வழக்கம் அவற்றிடம் கிடையாது, கர்ப்பமோ ஒன்பது வாரத்தில் முடிந்துவிடும். ஐந்து மாதத்திற்குள் கருத்தடைச் சிகிச்சை செய்துவிடுவதே, மனத்துக்குச் சற்றுக் கஷ்டமாயினும், நியாயமான வழி.

எங்கிருந்து விழுந்தாலும் பூனை காலூன்றி விழும் என்று நம்பிப் பால்கனிக் கதவைத் திறந்து வைக்கிறவர்கள் பலர். காலூன்றி விழுந்த பூனைக்கும் தாடை பிளக்கும், மார்பில் அடிபடும். வலையை அடித்து முடித்த பிறகு குட்டியைக் கொண்டு வாருங்கள். கொண்டுவந்த பிறகு அடித்துக்கொள்ளலாமென்று இருந்துவிடாதீர்கள்.