கொட்டுவது வேறு, கடிப்பது வேறு

மலையேறப் போகிறவர்கள் முதலில் யானையைப் பற்றிக் கேட்பார்கள், அடுத்து பாம்பைப் பற்றி. மேற்குத் தொடர்ச்சி மலையில் இரண்டும் உண்டு; கேட்பதில் தப்பில்லை. ஆனால் போய்த் திரும்பியவர்களைப் பாருங்கள். கணுக்காலில் அட்டை கடித்த ரத்தம், கழுத்தில் தடிப்பு, இடுப்பைச் சுற்றி அரிப்பு. பூச்சிகளைப் பற்றிக் கேட்கிற சிலரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: “எந்த க்ரீம் வாங்கட்டும்?”

அந்தக் கேள்வியில்தான் சிக்கல். காட்டில் நம்மைப் பதம் பார்க்கிற ஜீவராசிகள் இரண்டு காரணங்களுக்காக வருகின்றன. ஒன்று பசி. கொசு, உண்ணி, அட்டை, காட்டு ஈ எல்லாம் இந்த ரகம். அவற்றுக்கு நாம் சாப்பாடு. மற்றது பயம். தேனீ, கதண்டு, குளவி, முசுறு எறும்பு இந்த ரகம். இவற்றுக்கு நம் ரத்தம் வேண்டாம், நாமே வேண்டாம். தெரியாமல் அவற்றின் வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டோம், அதுதான் குற்றம். கடையில் விற்கும் பூச்சிவிரட்டி க்ரீம், பசித்து வருகிறவற்றுக்கு மட்டும்தான். நம் மூச்சையும் தோலின் வாசனையையும் மோப்பம் பிடித்து வருகிற கொசுவை அது குழப்பும். கோபத்தில் வருகிற தேனீயிடம் அது செல்லாது. உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை பூசிக்கொண்டு தேன்கூட்டுக்கு அடியில் நின்று செல்பி எடுத்தால், கொட்டு வாங்கியே ஆகவேண்டும்.

தேனீயிலும் எல்லாம் ஒன்றில்லை. மரப்பொந்தில் இருக்கும் அடுக்குத்தேனீயோ புதர்க் கிளையில் சிறு தட்டுக் கட்டும் கொம்புத்தேனீயோ பெரிய தொந்தரவு தராது. கவலைப்பட வேண்டியது மலைத்தேனீக்கு. பாறை முகப்பின் அடியில், உயரமான இலவ மரக் கிளையில், சில ஊர்களில் தண்ணீர்த் தொட்டியிலும் பாலத்தடியிலும்கூட, திறந்த வெளியில் ஒரே ஒரு பெரிய தட்டாகக் கூடு கட்டும். பொந்து இல்லை, கதவு இல்லை. தட்டை மூடிக்கொண்டு தேனீக்களே பல அடுக்காகத் தொங்குகின்றன. மறைவிடம் இல்லாத குடும்பம் என்பதால் காவல் அதிகம், பொறுமை குறைவு.

கொஞ்ச தூரத்தில் நின்று அந்தக் கூட்டைக் கவனித்தால் ஒரு காட்சி கிடைக்கும். கூட்டின் ஓர் ஓரத்தில் தொடங்கி மறு ஓரம் வரை, ஒரு நொடிக்குள், கருமையாய் ஓர் அலை ஓடி மறையும். மறுபடி ஓடும். நூற்றுக்கணக்கான தேனீக்கள் அடுத்தடுத்து வயிற்றைச் சட்டென்று மேலே தூக்கி இறக்குவதால் வருவது அது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்து ஆய்வாளர் கெரால்ட் காஸ்ட்பெர்கரின் குழு இதை விரிவாகப் படம்பிடித்து, கூட்டைக் கொள்ளையடிக்க வரும் கதண்டுகளை இந்த அலை விரட்டுகிறது என்று 2008-ல் எழுதியது. நமக்கு வேண்டிய செய்தி சின்னது: அலை ஓடினால் அவை உஷாராகிவிட்டன. பார்த்ததும் போனை எடுக்கத் தோன்றும். எடுக்காதீர்கள். பேச்சை நிறுத்தி, கையை வீசாமல், வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

எது அவற்றைக் கிளப்பும்? கல்லெறிவது, கூச்சல், கூட்டின் அருகில் ட்ரோன் பறக்கவிடுவது. தேன்பருந்து வந்து கூட்டைக் குதறிவிட்டுப் போகும். அந்தக் கோபம் கீழே தேமே என்று நடந்து போகிறவர் தலையில் விடியும். எல்லாவற்றுக்கும் மேலாகப் புகை. நீலகிரியில் குறும்பர்கள் புகை மூட்டித்தானே தேன் எடுக்கிறார்கள் என்று கேட்கலாம். அவர்கள் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்தப் பொழுதில் இறங்கலாம் என்று தலைமுறை தலைமுறையாகக் கற்றவர்கள். நாம் மேகி வேகவைக்க மூட்டும் தீ அந்தக் கணக்கெல்லாம் பார்க்காது. காட்டில் தீ மூட்டக் கூடாது என்பதற்குக் காட்டுத்தீ ஒன்றே போதும். இது கூடுதல் காரணம்.

ஒரு தேனீ கொட்டிவிட்டது என்று வையுங்கள். கொடுக்கு முட்களோடு இருப்பதால் நம் தோலிலேயே மாட்டிக்கொள்ளும், நஞ்சுப் பையும் சேர்ந்து பிய்ந்து வரும். அங்கிருந்து ஒரு வாசனை எழும். வாழைப்பழத்துக்கு மணம் தரும் அதே ஐசோஅமைல் அசிடேட் அதில் இருக்கிறது. மற்ற தேனீக்களுக்கு அது “இங்கே வா, இவன்தான்” என்ற தகவல். ஆகவே கொட்டிய இடத்தில் நின்று கையை ஆராய்வது கூடாது. முதலில் ஓட்டம், பிறகு கொடுக்கு. சட்டையையோ துண்டையோ முகத்தின் மேல் இழுத்து, கண்ணுக்கு மட்டும் வழிவிட்டு, ஒரே போக்காக ஓடுங்கள். கையை வீசி அடிக்காதீர்கள். நசுங்கிய தேனீயும் அதே வாசனையைத்தான் விடும். கார், கட்டடம், கூடாரம், கதவு மூடக்கூடிய எதுவாக இருந்தாலும் உள்ளே போய்விடுங்கள். மலைத்தேனீ லேசில் விடாது, சில நூறு மீட்டர் துரத்தும். ஓடையில் குதித்து மூழ்கிக்கொள்வது சினிமாவுக்குச் சரி. மேலே வட்டமிட்டுக் காத்திருக்கும், மூச்செடுக்க வாயைத் திறந்தால் வாயிலேயே கொட்டும். இலங்கையின் சிகிரியா குன்றில் சிங்கப் பாத மேடை அருகே கம்பிவலைக் கூண்டுகள் வைத்திருப்பதே, தேனீ கிளம்பினால் சுற்றுலாப் பயணிகள் ஓடி ஒளிய ஓரிடம் வேண்டும் என்பதற்காகத்தான்.

பத்திரமான இடத்துக்கு வந்த பிறகு கொடுக்கை எடுங்கள். நகத்தால் கிள்ளி எடுத்தால் பையிலுள்ள மிச்ச நஞ்சும் உள்ளே போய்விடும், கார்டின் விளிம்பால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும் என்று ரொம்ப காலம் சொல்லிவந்தார்கள். 1996-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு அந்தப் பஞ்சாயத்தை முடித்துவைத்தது. எப்படி எடுத்தாலும் வீக்கம் ஒன்றுதான். எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதுதான் கணக்கு.

அடுத்தது சுண்ணாம்பு. வெற்றிலைப் பெட்டி வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் எங்கிருந்தோ வந்து தடவிவிடுவார். நஞ்சு அமிலம், சுண்ணாம்பு காரம், இரண்டும் சேர்ந்தால் முறிந்துவிடும் என்பது கணக்கு. ஆனால் தேனீ நஞ்சில் வலி தருவது பெரும்பாலும் மெலிட்டின் போன்ற புரதச் சங்கிலிகள். அவை தோலுக்கு அடியில் போய்விட்டன, மேலே பூசுவது அங்கே எட்டாது. தோல் வெந்துபோவதுதான் மிச்சம். அன்போடு தடவ வருகிறவரிடம் வேதியியல் பேச வேண்டாம், கும்பிடு போட்டுவிட்டுக் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வையுங்கள். அரிப்புக்குச் செட்டிரிசின் மாத்திரை போதும்.

ஒன்றில் மட்டும் விளையாட்டு கூடாது. கொட்டிய இடம் வீங்குவது இயல்பு. கொட்டாத இடத்தில் ஏதாவது நடந்தால் அது வேறு விஷயம். உடம்பெங்கும் தடிப்பு, உதடும் நாக்கும் வீங்குவது, குரல் கம்முவது, மூச்சு இழுப்பது, தலைசுற்றி விழுவது, வாந்தி. இது ஒவ்வாமை, இதற்கு ஒரே ஒரு கொட்டு போதும், சில நிமிடங்களில் ஆளைக் கொண்டுபோய்விடும். மருந்து அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்புறத் தசையில் போட வேண்டும். செட்டிரிசின் அதற்கு மாற்றாகாது. நம் ஊர் மருந்துக் கடைகளில் தானே குத்திக்கொள்ளும் அட்ரினலின் பேனா எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே முன்பு எப்போதாவது இப்படி ஆனவர்கள் மலையேறும் முன் டாக்டரிடம் பேசுங்கள், கூட வருகிறவர்களிடமும் சொல்லிவையுங்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் 40 பாதைகளில் உள்ளூர் வழிகாட்டி உடன் வருவார். கிளம்பும்போதே அவர் காதில் போடுங்கள். ஒவ்வாமையே இல்லாதவரும் நூற்றுக்கணக்கில் கொட்டு வாங்கினால் ஆஸ்பத்திரிக்குப் போயே தீரவேண்டும். சிறுநீரகம் அடிவாங்குவது அன்றைக்கே தெரியாது.

கதண்டின் கொடுக்கில் அந்த முட்கள் கிடையாது. தோலில் மாட்டாது, எத்தனை தடவை வேண்டுமானாலும் கொட்டும். மற்றபடி அதே சட்டம்தான். முசுறு எறும்பு இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும். பிடிப்புக்காகக் கிளையைப் பற்றுகிறவர் கை அதில் பட்டால் கடித்து, கடிவாயில் பார்மிக் அமிலத்தையும் பீய்ச்சும். எரியும், போய்விடும். ஒடிசாவின் மயூர்பஞ்சில் இதே எறும்பை அரைத்துச் சட்னியாகச் சாப்பிடுகிறார்கள், 2024-ல் புவிசார் குறியீடுகூட வாங்கிவிட்டது. நம்மைக் கடித்தால் நாமும் கடிப்போம் என்கிற நியாயம் போலிருக்கிறது.

இனி பசியோடு வருகிறவர்கள். கொட்டு வாங்கினால் ஊரே திரும்பிப் பார்க்கும்படி அலறுவோம். இவை கடித்தால் பல சமயம் தெரியவே தெரியாது. என் கணக்கில் உண்மையான எச்சரிக்கை இங்கேதான் வேண்டும்.

அட்டையை முதலில் ஒதுக்கிவிடலாம். பார்க்க அருவருப்பு, செய்வது சொற்பம். ரத்தம் உறையாமலிருக்க ஹிருடின் என்ற பொருளை விடுவதால் கடிவாய் கொஞ்ச நேரம் ஒழுகும், அவ்வளவுதான். முழங்கால் வரை வரும் நெருக்கமான துணி சாக்ஸ், அதன் மேல் உப்போ புகையிலைத் தூளோ போதும். ஒட்டியிருப்பதை நகத்தால் பக்கவாட்டில் தள்ளிவிடுங்கள்.

உண்ணி அப்படியில்லை. 1957-ல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டம் கியாசனூர் காட்டில் குரங்குகள் கூட்டமாகச் செத்து விழுந்தன, பின்னாலேயே மனிதர்களுக்கும் காய்ச்சல் வந்தது. அதுதான் குரங்குக் காய்ச்சல். பரப்புவது காட்டு உண்ணி. பிற்பாடு நீலகிரி, வயநாடு பக்கமும் தென்பட்டது. மழை விட்ட பிறகு, டிசம்பரிலிருந்து கோடை வரை அதன் காலம். நாம் மலையேற விரும்புவதும் அதே மாதங்கள்தான். செத்த குரங்கைக் கண்டால் பக்கத்தில் போகாமல் வனத்துறை ஆட்களிடம் சொல்லுங்கள். உடம்பில் உண்ணி ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெயும் வேண்டாம், தீக்குச்சியும் வேண்டாம். கூரிய முனையுள்ள இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து எடுத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இன்னொன்று கண்ணுக்கே படாது. ஒரு வகைச் சிலந்திப்பேனின் இளம்பருவம், கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. புல் நுனியில் காத்திருந்து உடையில் தொற்றி, மேலே ஊர்ந்து, துணி இறுக்கும் இடம் வந்ததும் நின்றுவிடும். இடுப்பு வார், அக்குள், தொடை இடுக்கு. வலிக்காது. ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலின் கிருமி அதன் வழியாக உடம்புக்குள் போகும். அடர்ந்த காட்டின் உள்ளே இருப்பதைவிட, வெட்டி மறுபடி வளர்ந்த புதர்களிலும் காட்டோரப் புல்லிலும்தான் இது அதிகம். நடந்து களைத்து நாம் சாய்கிற இடமும், துவைத்த துணியை விரிக்கிற இடமும் அதேதான். புல்லில் உட்கார வேண்டுமென்றால் விரிப்புப் போடுங்கள். பாறை கிடைத்தால் இன்னும் நல்லது.

க்ரீமுக்கு வேலை இந்த இடத்தில்தான். டீட் என்னும் மருந்து அமெரிக்க ராணுவத்துக்காக 1946 வாக்கில் வந்தது, 1957-ல் பொதுமக்கள் கைக்குக் கிடைத்தது. 20 முதல் 30 சதவீதம் உள்ளதாகப் பாருங்கள். வெயில் க்ரீம் முதலில், இது அதன் மேல். மூக்குக் கண்ணாடியின் பிளாஸ்டிக்கில் படவிடாதீர்கள், கரைத்துவிடும். உடைக்குத் தனியாகப் பெர்மெத்ரின் தெளிக்கலாம். அது தோலுக்கானது அல்ல. முழுக்கை, வெளிர் நிறம், பேன்ட்டின் விளிம்பு சாக்ஸுக்குள். அழகாக இருக்காது, காட்டில் யாரும் பார்க்கப் போவதில்லை. திரும்பியதும் உடையைச் சுடுநீரில் போட்டுவிட்டு, நன்றாகத் தேய்த்துக் குளிக்கும்போது மடிப்புகளை எல்லாம் தடவிப் பாருங்கள்.

பிறகு மூன்று வாரம் கவனம் வேண்டும். காய்ச்சலும் தலைவலியும் வந்தால் ஸ்க்ரப் டைஃபஸின் அடையாளம் இருக்கிறதா என்று உடம்பை மறுபடி தேடுங்கள்: பீடி நெருப்பு சுட்டது மாதிரி, கறுத்த பொருக்கும் சுற்றிலும் சிவப்புமாக, வலிக்காத ஒரு புண். நாமாகக் காணாத இடத்தில்தான் அது இருக்கும், டாக்டரும் சட்டையைக் கழற்றச் சொன்னால்தான் தெரியும். சிலருக்குப் புண்ணே வராது. இதற்குத் தரும் டாக்ஸிசைக்ளின், அஸித்ரோமைசின் இரண்டும் பழைய, விலை குறைந்த மருந்துகள். தொடக்கத்தில் கொடுத்தால் காய்ச்சல் ஓரிரு நாளில் இறங்கும். நோய் முற்றியவர்களுக்கு இரண்டையும் சேர்த்து நரம்பில் ஏற்றுவது மேல் என்று வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்திய ஆய்வு 2023-ல் காட்டியது. அந்த நிலைக்குப் போகாமலிருக்க, டாக்டரின் அறைக்குள் நுழைந்ததும் முதல் வாக்கியமாக “காட்டுக்குப் போய் வந்தேன்” என்று சொல்லிவிடுங்கள். டெங்கு, டைபாய்டு சோதனைகளை எழுதும்போது ஸ்க்ரப் டைஃபஸும் பார்த்துவிடலாமா என்று நீங்களே கேட்கலாம். கேட்டால் கோபித்துக்கொள்ளாத டாக்டராகப் பார்த்துப் போங்கள்.