கோழிகளின் எலும்பு வளர்ச்சியில் தாது உப்புகளும் நொதிகளும்

கோழிகளின் எலும்பு வளர்ச்சி என்பது முட்டைக்குள் கருவாக இருக்கும்போதே தொடங்கி, குஞ்சு முழு வளர்ச்சி அடையும்வரை நடைபெறும் ஓர் உடலியங்கியல் நிகழ்வாகும். இவ்வளர்ச்சி கோழியின் மரபுக்கூறு, வளர்ப்புச் சூழல், தீவனம் ஆகிய மூன்றையும் சார்ந்தது. தீவனத்தில் சேர்க்கப்படும் கால்சியம், பாஸ்பரஸ், மாங்கனீசு, துத்தநாகம் முதலிய தாதுக்களும், அத்தாதுக்கள் உடலில் சேர உதவும் பைட்டேஸ் போன்ற நொதிகளும் எலும்பின் நீளம், அடர்த்தி, உறுதி ஆகியவற்றைத் தீர்மானிக்கின்றன. தமிழ்நாட்டில் நாமக்கல், பல்லடம் வட்டாரங்களில் கோழி வளர்ப்பு பெருந்தொழிலாக நடைபெறுவதாலும், தீவனத்துக்குரிய தவிடு, சுண்ணாம்புக்கல் ஆகியன திருச்சிராப்பள்ளிப் பகுதியில் கிடைப்பதாலும் இத்துறை இங்குச் சிறப்பிடம் பெறுகிறது.

எலும்பின் அமைப்பும் வளர்ச்சியும்

எலும்பு இரு பகுதிகளால் ஆனது. ஒன்று கொலாஜன் என்னும் புரத இழைகளால் ஆன கரிமப் பகுதி. மற்றொன்று அவ்விழைகளின்மேல் படியும் தாதுப் பகுதி. தாதுப் பகுதி பெரும்பாலும் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த ஹைட்ராக்சி அபடைட் என்னும் படிகமாகும். புரத இழைகள் எலும்புக்கு வளையும் தன்மையையும், படிகங்கள் கடினத்தன்மையையும் தருகின்றன. எலும்பில் கால்சியமும் பாஸ்பரசும் ஏறத்தாழ 2:1 என்னும் எடை விகிதத்தில் உள்ளன.

கோழிக்கரு 21 நாட்களில் குஞ்சாகப் பொரிக்கிறது. இக்காலத்தில் எலும்புக்குத் தேவையான கால்சியத்தின் பெரும்பகுதியைக் கரு முட்டை ஓட்டிலிருந்தே கரைத்து எடுத்துக்கொள்கிறது. பொரித்த பின்னர் கால்சியம் முழுவதும் தீவனத்திலிருந்தே கிடைக்க வேண்டும்.

நீண்ட எலும்புகளின் முனைகளுக்கு அருகில் வளர்தட்டு என்னும் குருத்தெலும்புப் பகுதி உள்ளது. இங்குக் குருத்தெலும்பு உயிரணுக்கள் பெருகி, பருத்து, முடிவில் அழிகின்றன. அவை விட்டுச் சென்ற சட்டகத்தில் தாதுக்கள் படிய எலும்பு உருவாகிறது. பெருகுதல், பருத்தல், தாதுப் படிதல் ஆகிய இப்படிகளுள் எது தடைப்பட்டாலும் கால் வளையும், வீங்கும் அல்லது முறியும்.

விரைவு வளர்ச்சியும் எலும்பின் சுமையும்

இன்றைய இறைச்சிக்கோழிகள் விரைவு வளர்ச்சிக்காகப் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பழைய இனங்களும் புதிய இனமும் ஒரே தீவனத்தில் வளர்க்கப்பட்டன. 56ஆம் நாளில் 1957ஆம் ஆண்டு இனத்தின் எடை சுமார் 0.9 கிலோகிராமாகவும், 2005ஆம் ஆண்டு இனத்தின் எடை சுமார் 4.2 கிலோகிராமாகவும் இருந்தன. தசை இவ்வளவு விரைவாகப் பெருகும்போது, அதே கால அளவில் எலும்பும் முதிர்ந்து அச்சுமையைத் தாங்கியாக வேண்டும். தீவனத்தில் ஏற்படும் சிறு குறையும் இக்கோழிகளில் கால் ஊனமாக வெளிப்படுவதற்கு இதுவே காரணம். நடக்க இயலாத கோழி தீவனத் தொட்டியையும் நீரையும் அடைய முடியாமல் மெலிந்து இறக்கிறது. எனவே இது வளர்ப்பவரின் வருவாயையும் பறவையின் நலனையும் ஒருங்கே பாதிக்கும் சிக்கலாகும். மெதுவாக வளரும் சிறுவிடை, பெருவிடை போன்ற நாட்டுக்கோழிகளில் இத்தகைய கால் குறைபாடுகள் அரிதாகவே காணப்படுகின்றன.

முதன்மைத் தாதுக்கள்

கால்சியமும் பாஸ்பரசும்

எலும்புச் சாம்பலில் ஏறத்தாழ 37 விழுக்காடு கால்சியமும் 18 விழுக்காடு பாஸ்பரசும் உள்ளன. இவ்விரண்டின் அளவு மட்டுமன்றி, அவற்றிடையே உள்ள விகிதமும் முக்கியமாகும். ஐக்கிய அமெரிக்காவின் தேசிய ஆய்வுக் கழகம் 1994இல் இறைச்சிக்கோழிகளுக்குப் பின்வரும் அளவுகளைப் பரிந்துரைத்தது.

• முதல் 3 வாரங்கள்: கால்சியம் 1.00 விழுக்காடு, பயன்படும் பாஸ்பரஸ் 0.45 விழுக்காடு
• 3 முதல் 6 வாரங்கள்: கால்சியம் 0.90 விழுக்காடு, பயன்படும் பாஸ்பரஸ் 0.35 விழுக்காடு
• 6 முதல் 8 வாரங்கள்: கால்சியம் 0.80 விழுக்காடு, பயன்படும் பாஸ்பரஸ் 0.30 விழுக்காடு

கால்சியம் மிகுவதும் தீங்கானதே. மிகையான கால்சியம் குடலில் பாஸ்பரசுடனும் துத்தநாகம், மாங்கனீசு ஆகியவற்றுடனும் சேர்ந்து, அவை உட்கவரப்படுவதைக் குறைக்கிறது.

உயிர்ச்சத்து டி3

இது தாது அன்று. எனினும் இது இல்லாமல் கால்சியம் குடலிலிருந்து போதிய அளவில் உட்கவரப்படுவதில்லை. வெயிலில் மேயும் கோழி தன் தோலிலேயே இதனை உருவாக்கிக்கொள்கிறது. கொட்டகைக்குள் வளரும் கோழிக்குத் தீவனத்தில் சேர்த்தே தர வேண்டும். தாவரங்களிலிருந்து கிடைக்கும் டி2 வடிவத்தைக் கோழிகள் மிகக் குறைந்த அளவிலேயே பயன்படுத்த வல்லவை.

நுண் தாதுக்கள்

மாங்கனீசு: குருத்தெலும்பின் சட்டகத்தை உருவாக்கும் நொதிகளுக்குத் தேவையானது. 1930களில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்கசு, நாரிசு, ஹியூசர் ஆகியோர் குதிகால் தசைநாண் நழுவும் நோயை மாங்கனீசு தடுப்பதைக் கண்டறிந்தனர். இறைச்சிக்கோழியின் தேவை ஒரு கிலோகிராம் தீவனத்துக்கு 60 மில்லிகிராம் ஆகும்.

துத்தநாகம்: உயிரணுப் பெருக்கத்துக்கும், தாதுப் படிவுக்கு உதவும் கார பாஸ்படேஸ் நொதிக்கும் தேவையானது. இதன் குறைவால் கால் எலும்புகள் குட்டையாகவும் தடித்தும் காணப்படும். தேவை கிலோகிராமுக்கு 40 மில்லிகிராம்.

செப்பு: கொலாஜன் இழைகளைக் குறுக்காகப் பிணைக்கும் நொதியின் கூறாகும். செப்பு குறைந்தால் எலும்பில் தாது இருந்தும் அது எளிதில் ஒடியும். தேவை கிலோகிராமுக்கு 8 மில்லிகிராம்.

பைட்டிக் அமிலம் என்னும் தடை

தானியங்களிலும் பிண்ணாக்குகளிலும் பாஸ்பரஸ் போதிய அளவு இருப்பினும், அதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு பைட்டிக் அமிலமாகக் கட்டுண்டு கிடக்கிறது. இனோசிட்டால் என்னும் வளையத்துடன் ஆறு பாஸ்பேட்டுகள் இணைந்த சேர்மமே பைட்டிக் அமிலம். முளைக்கும் விதை இதனை உடைத்துப் பயன்படுத்துகிறது. ஆனால் கோழியின் குடலில் இதனை உடைக்கும் நொதி மிகக் குறைவு. எனவே பாஸ்பரசின் பெரும்பகுதி எச்சத்தில் வெளியேறிவிடுகிறது.

அரிசித் தவிடு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ஒரு கிலோகிராம் தவிட்டில் சுமார் 15 கிராம் பாஸ்பரஸ் உள்ளது. அதில் பைட்டிக் அமிலத்தில் கட்டுண்ணாதது ஏறத்தாழ 2.2 கிராம் மட்டுமே. மக்காச்சோளத்தில் 2.8 கிராமுக்கு 0.8 கிராமும், சோயாப் பிண்ணாக்கில் 6.2 கிராமுக்கு 2.2 கிராமும் அவ்வாறு உள்ளன.

பைட்டிக் அமிலம் பாஸ்பரசை மட்டும் மறைத்துவைப்பதில்லை. துத்தநாகம், கால்சியம், மாங்கனீசு ஆகியவற்றையும் பற்றிக்கொள்கிறது. குஞ்சுகளில் இது துத்தநாகம் உட்கவரப்படுவதைக் குறைப்பதை ஓடெல், சாவேஜ் ஆகியோர் 1960இல் காட்டினர்.

நொதிகள்

பைட்டேஸ்

பைட்டிக் அமிலத்திலிருந்து பாஸ்பேட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கும் நொதி பைட்டேஸ் ஆகும். சப்பானிய அறிவியலாளர் சுசுக்கியும் அவருடன் பணியாற்றியோரும் 1907இல் இதனை அரிசித் தவிட்டிலேயே கண்டறிந்தனர். பூஞ்சையிலிருந்து பெற்ற இந்நொதியைத் தீவனத்தில் சேர்த்தால் குஞ்சுகளின் எலும்புச் சாம்பல் உயர்வதை நெல்சன் குழுவினர் 1971இல் காட்டினர். எனினும் நொதியை மலிவாக ஆக்கும் முறை அப்போது இல்லை. மரபணு மாற்றிய ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை வழியாக ஆக்கப்பட்ட பைட்டேஸ் 1991இல் சந்தைக்கு வந்தது. பின்னர் இ. கோலை போன்ற நுண்ணுயிர்களின் மரபணுவிலிருந்து பெற்ற வகைகளும் வந்தன.

பைட்டேசின் செயற்பாடு அலகுகளில் அளக்கப்படுகிறது. வரையறுத்த நிலைமைகளில் (காரகாடித்தன்மைச் சுட்டெண் 5.5, வெப்பநிலை 37 பாகை செல்சியசு) ஒரு நிமிடத்தில் ஒரு மைக்ரோமோல் பாஸ்பேட்டை விடுவிக்கும் நொதியின் அளவே ஓர் அலகு. ஒரு கிலோகிராம் தீவனத்துக்கு 500 அலகுகள் சேர்ப்பது பரவலான வழக்கம். இது ஏறத்தாழ 1 கிராம் பாஸ்பரசை விடுவிப்பதாகக் கொள்ளப்படுகிறது. நொதி பெரும்பாலும் தீனிப்பை, சுரப்பி இரைப்பை, அரைவைப்பை ஆகியவற்றில் செயற்படுகிறது.

இதன் பயனை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு கிலோகிராம் குஞ்சுத் தீவனத்தில் 600 கிராம் மக்காச்சோளமும் 350 கிராம் சோயாப் பிண்ணாக்கும் இருப்பதாகக் கொள்வோம். இவற்றில் மொத்தப் பாஸ்பரஸ் 3.85 கிராம். ஆயின் பயன்படுவது 1.25 கிராம் மட்டுமே. தேவை 4.5 கிராம் என்பதால் 3.25 கிராம் குறைகிறது. 18 விழுக்காடு பாஸ்பரஸ் கொண்ட டைகால்சியம் பாஸ்பேட்டால் இதனை நிரப்ப ஏறத்தாழ 18 கிராம் தேவை. பைட்டேஸ் 1 கிராம் பாஸ்பரசை விடுவித்தால், டைகால்சியம் பாஸ்பேட் 12.5 கிராம் போதும். ஒரு டன் தீவனத்தில் மிச்சமாவது சுமார் 5.5 கிலோகிராம்.

பிற நொதிகள்

கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் உள்ள கரையும் நார்ப்பொருள்கள் குடலில் பசைபோன்ற தன்மையை உண்டாக்குகின்றன. இதனால் கொழுப்பும் அதில் கரையும் உயிர்ச்சத்து டியும் உட்கவரப்படுவது குறைகிறது. சைலனேஸ், பீட்டா குளுக்கனேஸ் ஆகிய நொதிகள் இப்பசைத்தன்மையைக் குறைத்து, எலும்புக்கு மறைமுகமாக உதவுகின்றன. மக்காச்சோளமும் சோயாவும் முதன்மையாக உள்ள தீவனத்தில் இவற்றின் பயன் ஒப்பீட்டளவில் குறைவு.

குறைபாட்டு நோய்கள்

ரிக்கெட்ஸ்: கால்சியம், பாஸ்பரஸ் அல்லது உயிர்ச்சத்து டி குறைவால் வருவது. எலும்பும் அலகும் ரப்பர்போல் வளையும். மூட்டுகள் வீங்கும்.

தசைநாண் நழுவுதல்: மாங்கனீசு குறைவால் வருவது. குதிகாலின் பின்புறத் தசைநாண் இடம் பெயர்வதால் கால் பக்கவாட்டில் திரும்பும். நழுவிய பின்னர் தீவனத்தால் இதனைச் சரிசெய்ய இயலாது.

கீழ்க்கால் எலும்பின் குருத்தெலும்புக் கோளாறு: 1965இல் லீச், நெசைம் ஆகியோர் விவரித்தது. வளர்தட்டின் குருத்தெலும்பு எலும்பாக மாறாமல் கட்டியாகத் தங்கிவிடும். கால்சியம் குறைந்து பாஸ்பரஸ் மிகுந்த தீவனம் இதனைத் தூண்டும்.

கூண்டுக்கோழிச் சோர்வு: முட்டைக்கோழிகளில் காணப்படுவது. ஒரு முட்டை ஓட்டில் 2 கிராமுக்கு மேற்பட்ட கால்சியம் உள்ளது. ஓடு பெரும்பாலும் கோழி தீனி உண்ணாத இரவில் உருவாகிறது. இதற்கென முட்டையிடத் தொடங்கும் முன்பே நீண்ட எலும்புகளின் உட்குழிவில் மச்சை எலும்பு என்னும் கால்சியச் சேமிப்பு உண்டாகிறது. தீவனத்தில் கால்சியம் குறைந்தால் கோழி தன் உடலைத் தாங்கும் எலும்பையே கரைத்து ஓட்டை உருவாக்கும். முடிவில் அதனால் எழுந்து நிற்க முடியாது. பொடியைவிட 2 முதல் 4 மில்லிமீட்டர் அளவுள்ள சுண்ணாம்புக்கல் அல்லது கிளிஞ்சல் துண்டுகள் அரைவைப்பையில் இரவு முழுவதும் தங்கி மெல்லக் கரைவதால், அவை இச்சோர்வைத் தடுக்க உதவுகின்றன.

அளவிடும் முறைகள்

தாதுச் சேர்க்கை பயனளிக்கிறதா என்பதை உடல் எடையால் மட்டும் அறிய முடியாது. எடை குறைவதற்கு முன்பே எலும்பின் தாது குறையத் தொடங்குகிறது. எனவே கீழ்க்கால் எலும்பை அல்லது கால்விரலை எடுத்து, உலர்த்தி, சுமார் 600 பாகை செல்சியசில் எரித்து, எஞ்சும் சாம்பலின் விழுக்காட்டைக் காண்பது வழக்கம். எலும்பு முறியத் தேவைப்படும் விசை, எலும்பின் எடையை அதன் நீளத்தால் வகுத்துப் பெறும் சீடார் சுட்டெண், ஊடுகதிர்ப் படம் ஆகியனவும் பயன்படுத்தப்படுகின்றன.

திருச்சிராப்பள்ளி வட்டாரம்

முட்டை உற்பத்திக்குப் பெயர்பெற்ற நாமக்கல், திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் தொட்டியம், முசிறிப் பகுதிகளை அடுத்து அமைந்துள்ளது. அங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி 1985இல் தொடங்கப்பட்டு, 1989இல் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. தீவன மாதிரிகளைச் சோதிக்கும் ஆய்வகமும் அங்கு உள்ளது.

தீவனத் தாதுக்களின் நோக்கில் இவ்வட்டாரத்தின் நிலவியலும் குறிப்பிடத்தக்கது. கல்லக்குடி முதல் அரியலூர் வரை கிரெட்டேசியக் காலக் கடலின் படிவுகள் காணப்படுகின்றன. இங்குள்ள சுண்ணாம்புக்கல்லைச் சார்ந்தே கல்லக்குடியில் 1939இல் சிமெண்டு ஆலை நிறுவப்பட்டது. தூய சுண்ணாம்புக்கல்லில் சுமார் 38 விழுக்காடு கால்சியம் உள்ளது. ஆயினும் எல்லாச் சுண்ணாம்புக்கல்லும் தீவனத்துக்கு ஏற்றதன்று. மக்னீசியம் மிகுந்த டோலமைட் வகைக் கல் கால்சியம் உட்கவரப்படுவதைக் கெடுக்கிறது.

ஊட்டத்தூர்ப் பகுதியில் பாஸ்பேட் உருண்டைக் கற்கள் கிடைப்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அறியப்பட்டிருந்தது. பாஸ்பேட் பாறைகளில் பொதுவாகப் புளோரின் கலந்திருப்பதால், அதனை நீக்காமல் கோழிகளுக்குக் கொடுத்தல் கூடாது. மிகுந்த புளோரின் எலும்பையே சிதைக்கும்.

மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளுக்குப் பெயர்பெற்றது. ஆலைகளில் கிடைக்கும் தவிடும் எண்ணெய் நீக்கிய தவிடும் தீவனப் பொருள்களாகும். முன்னர்க் கூறியவாறு, தவிட்டின் பாஸ்பரஸ் பைட்டேஸ் இன்றி முழுமையாகப் பயன்படாது.

சுற்றுச்சூழல்

கோழி பயன்படுத்தாத பாஸ்பரஸ் எருவின் வழியாக வயலுக்குச் செல்கிறது. பயிரின் தேவைக்கு மிஞ்சியது மண்ணில் தங்கி, மழைநீருடன் வாய்க்கால்களையும் ஆறுகளையும் அடைந்து பாசிகள் பெருகக் காரணமாகிறது. திருவரங்கம் போலக் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே அமைந்த நிலப்பகுதிகளில் இது கருத்திற்கொள்ள வேண்டியதாகும். பைட்டேசைச் சேர்த்து, அதற்கேற்பக் கனிமப் பாஸ்பேட்டைக் குறைத்தால், எச்சத்தில் வெளியேறும் பாஸ்பரஸ் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறையும். இந்தியா தனக்குத் தேவையான பாஸ்பேட் பாறையில் பெரும்பகுதியை இறக்குமதி செய்வதால், இது பொருளாதார நோக்கிலும் பயனுடையது.

கவனிக்க வேண்டியவை

• பைட்டேஸ் ஒரு புரதம். குருணைத் தீவனம் ஆக்கும்போது 80 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் ஏறினால் சாதாரண வகைகள் செயலிழக்கும். வெப்பம் தாங்கும் வகையைச் சேர்க்கலாம், அல்லது குருணையாக்கிய பின் தெளிக்கலாம்.
• நொதியைச் சேர்த்துவிட்டுக் கால்சியத்தை மிகையாக வைத்தால் நொதியின் பயன் குறையும்.
• நொதி சேர்க்காமல் பாஸ்பேட்டை மட்டும் குறைத்தால் சில நாட்களிலேயே குஞ்சுகளின் கால்கள் தளரும்.
• நுண் தாதுக்கள் மிகச் சிறிய அளவில் சேர்வதால், தீவனம் முழுவதிலும் சீராகக் கலக்க வேண்டும்.
• தீவனக் குறை மட்டுமன்றித் தொற்றுநோய்களும் கால் ஊனத்தை உண்டாக்கும். எனவே நோயறிதலுக்குக் கால்நடை மருத்துவரை அணுக வேண்டும்.

இவற்றையும் பார்க்க

• கோழி வளர்ப்பு
• எலும்பு
• நொதி
• உயிர்ச்சத்து டி
• நாமக்கல்