தாத்தா மெடலைத் தராசில் போடாதீர்!

லயத்து வீட்டைக் காலி செய்து தாமானுக்குக் குடிபோகும்போது பழைய தகரப் பெட்டி ஒன்று வெளியே வரும். அதன் அடியில் கறுத்துப்போன மெடல் ஒன்று கிடக்கும். "தாத்தா பந்து விளையாடி வாங்கினதாம்" என்பார் ஒருவர். "இல்லப்பா, துரைமாரு கிளப்புல கொடுத்தது" என்பார் இன்னொருவர். அந்த வழக்குத் தீருமுன்னே மெடல் பழைய சாமான் கடைத் தராசில் ஏறிவிடுகிறது. என்ன விலை போகும் என்று கேட்குமுன், இது யாருடையது என்று நாம் கேட்க வேண்டாமா?

முதலில், சாம்பல், புளி எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். எழுத்துத் தேய்ந்தால் ஆதாரமே போச்சு! மெல்லிய துணியால் தூசி தட்டி, டார்ச் லைட்டைப் பக்கவாட்டில் பிடித்தால் மங்கிய எழுத்தும் தெரியும்.

பின்பக்கத்தில் பொடி முத்திரைகள் உண்டா பாருங்கள். நடக்கும் சிங்கம் இருந்தால் இங்கிலாந்தில் சோதித்த வெள்ளி. ஆயிரத்துக்கு 925 பங்கு. நங்கூரம் பர்மிங்ஹாம் நகரைக் குறிக்கும். சிறுத்தைத் தலை லண்டனை. கூடவே கட்டத்துக்குள் இருக்கும் ஒற்றை ஆங்கில எழுத்து, முத்திரையிட்ட ஆண்டைச் சொல்லும். இ.பி.என்.எஸ். என்றிருந்தால் வெறும் வெள்ளி முலாம்தான்.

ஊர்ப் பெயருக்குப் பின்னால் எஃப்.எம்.எஸ். என்று இருக்கிறதா? அது பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மாநிலங்கள் 1896-இல் அமைத்த கூட்டமைப்பு. 1946-இல் மலாயன் யூனியன் வந்தபோது அந்தப் பெயர் போய்விட்டது. ஆகவே அநேகமாக அது ஜப்பான்காரன் வருமுன் செய்த மெடல். ராஜா தலையோடு 1935 என்றிருந்தால் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழா. 1937 என்றால் ஆறாம் ஜார்ஜின் முடிசூட்டு விழா.

ஆண்டும் கிளப்பும் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய பத்திரிகைகளைக் கணினியில் ஏற்றி வைத்திருக்கிறது. படிக்கிற பிள்ளைகளிடம் சொல்லித் தேடச் சொல்லுங்கள். வீட்டுப் பெரியவர்கள் சொல்வதையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

காடழித்து ரப்பர் நட்ட நம் முன்னோர் பலருக்குச் செக்ரோலில் தவிர வேறெங்கும் பெயரில்லை. அப்படியிருக்க, வெள்ளியில் பெயர் பொறித்த ஒருவர் நம் வீட்டில் இருந்திருந்தால், அவரை ஒருவேளைக் கறிக்காசுக்கு விற்கலாமா? பேரப்பிள்ளை கையில் கொடுங்கள். "இது உன் பாட்டன்" என்று சொல்லிக் கொடுங்கள்.